இரண்டு கூண்டுக்கும் ஒரே பந்தி

எங்கள் அக்கா இறைவனின் வீட்டுக்குப் போய் இந்த ஆகஸ்டோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் பெரும்பாலும் அவர் பரிமாறிச் சாப்பிட்டவர்கள். அதனால் அக்கா எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எது எந்த ஆண்டில் நடந்தது என்பதை மட்டும் ஒழுங்குபடுத்தி வைத்தால் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எண்ணி எழுதுகிறேன். போளூரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். தேதி இல்லாத பேச்சு எனக்கு ஒட்டாது. அக்காவுக்கோ தேதி என்பதே கிடையாது. "அந்த வருசம் புளி காய்ச்சுக் கொட்டுச்சே, அப்ப" என்பதுதான் அவருடைய நாட்காட்டி. ஆகவே இதிலுள்ள ஆண்டுகளுக்கு நான் பொறுப்பு. மற்றவை அவருடையவை.

அக்கா பிறந்தது 1927-இல், போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள எங்கள் ஊரில். மாதத்தைப் பற்றி மட்டும் வீட்டில் ஒரு தகராறு உண்டு. கோயில் ஞானஸ்நானப் பதிவில் மார்ச் என்று இருக்கிறது. அம்மாவோ, பிள்ளை பிப்ரவரியிலேயே பிறந்துவிட்டது, குளிர் விடட்டும் என்று காத்திருந்து தண்ணீர் ஊற்றினோம் என்பார். பிறந்தபோது அம்மா அங்கே இருந்தவர் என்பதால் நான் பிப்ரவரி என்றே கொள்கிறேன்.

அப்பா கொத்தனார். சுற்று வட்டாரத்தில் பாதி வீடுகளின் சுவர் அவர் கை பட்டது. அந்த உரிமையில் எல்லாக் கல்யாணங்களுக்கும் எங்களுக்கு அழைப்பு வரும். ஆனால் இலை பந்தியின் வாலில்தான் விழும். ஒரு புளி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், அக்காவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பாயச வாளியோடு வந்தவர் எங்கள் ஆட்களுக்கு நாலு இலை முன்னாலேயே திரும்பிப் போய்விட்டார். அக்கா இலையை மடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். இதைப் பிற்காலத்தில் அவர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் அவர் குரல் உயரும்.

"தீந்துபோயிருந்தா பரவால்ல தம்பி. வாளியில இருந்துச்சி. நான் பாத்தேன்."

பந்தி வஞ்சனை என்ற சொல்லை எல்லோரும் சொல்வோம். ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு வேறுபாடு காட்டிப் பரிமாறுவது பாவம் என்பது நம் ஊரில் யாருக்கும் புதிதல்ல. அக்கா அதை ஒரு சொல்லாக வைத்துக்கொள்ளவில்லை, கையில் ஏற்றிக்கொண்டார். அவர் கரண்டி பிடித்த நாளிலிருந்து பந்தியின் கடைசி இலையிலிருந்துதான் பரிமாறத் தொடங்குவார். முதல் இலையில் சொந்தக்காரர்களை உட்கார வைப்பார். குறைந்தால் நம் வீட்டு இலைக்குக் குறையட்டும் என்பது அவர் கணக்கு. என் இலையில் பலமுறை குறைந்திருக்கிறது.

1947-இல் அக்காவுக்குத் திருமணம். மாமா லாரி ஓட்டுநர். மலையிலிருந்து புளியும் மரமும் இறக்குவார். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பவர். நெடுநாள் கழித்து ஒரே ஒரு பெண் பிறந்தாள். 1969-இல் மஞ்சள் காமாலையில் மாமா போய்விட்டார். அக்கா போளூரில் ஒரு மாணவர் விடுதியில் சமைத்து மகளைப் படிக்க வைத்தார். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுதினால் அக்கா கோபித்துக்கொள்வார். "அழுவாச்சிய எழுதாத, படிக்கிறவங்களுக்கு சோறு எறங்காது" என்பார். ஆகவே 1971-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டுதான் அக்கா மலையேறினார். ஜமுனாமரத்தூருக்கு அப்பால், பேருந்து நின்ற இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய பங்களா இருந்தது. பல ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சிக்காக வருபவர்கள் அங்கே தங்குவார்கள். மலை மக்கள் அதை ஆராய்ச்சி பங்களா என்றார்கள். அங்கே சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுக் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா போய் இறங்கினார்.

அந்த பங்களாவில் ஒருவர் செய்வதற்கும் இன்னொருவர் செய்வதற்கும் தொடர்பே இருக்காது. ஒருவர் மலையில் முளைக்கும் ஒவ்வொரு செடியையும் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார். ஒருவர் விதவிதமாகப் பூச்சுப் பூசிய உலோகத் தகடுகளை வரிசையாகச் சட்டத்தில் தொங்கவிட்டு, மழையிலும் பனியிலும் எது எப்போது துருப்பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்று ஒரு கருவியை வைத்துக்கொண்டு அளப்பார். ஒரு மருத்துவர் கிராமம் கிராமமாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று பார்ப்பார். பெரிய படிப்புப் படித்தவர்களின் பெயர்கள் அக்காவின் வாயில் நுழையவில்லை. இலை சார், தகடு சார், வானம் சார், ரத்த டாக்டர் என்று அவரே பெயர் வைத்தார். அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் மேலே பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். அவர் பெரிய சார்.

அதுவரை பங்களாவில் படித்தவர்கள் மேசையிலும், ஜீப் டிரைவரும் செடி சுமந்து வரும் மலை ஆட்களும் பின்கட்டிலும் சாப்பிடுவது வழக்கம். அக்கா போன முதல் நாளே கூடத்தில் நீளமாகப் பாய் விரித்துத் தையல் இலைகளை ஒரே வரிசையாகப் போட்டுவிட்டார்.

"இது என்னம்மா?" என்றார் பெரிய சார்.

"பந்தி சார்."

"டிரைவரெல்லாம் பின்னாடி சாப்பிடுவாங்களே?"

"பின்னாடி குந்துனாலும் சரிதாங்க சார். அப்ப நீங்களும் பின்னாடியே வந்துடுங்க. ரெண்டு எடத்துக்கு ஓடி ஊத்துறதுக்கு எனக்கு இடுப்பு வராது."

பெரிய சார் அக்காவின் இடுப்பைக் கருதியோ வேறு எதைக் கருதியோ பாயில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் ஜீப் டிரைவர். அன்றிலிருந்து அந்த பங்களாவில் ஒரே பந்திதான். வருகிற விருந்தினரிடமெல்லாம் பெரிய சார் அதைப் பெருமையாகச் சொல்வார். எல்லோரும் புகழ்ந்த அந்த வழக்கம் ஒரு நாள் கோழிக் கூண்டுவரை போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இனி வருவது 1975-இல் நடந்தது. சிலர் 1976 என்பார்கள். அக்கா மகள் வேலூரில் நர்ஸ் படிப்பில் சேர்ந்த ஆண்டு அது. ஆகவே என் கணக்கே சரி. ஆடி மழைக்கு முன்னால் பங்களாவுக்கு ஓர் இளம்பெண் ஆராய்ச்சிக்கு வந்தார். மலைக் கோழிகள் ஏன் குறைவாக முட்டையிடுகின்றன, கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்த தீனியைச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாக இடுமா என்று பார்ப்பது அவர் வேலை. கூடுதலாக இடும் என்று தெரிந்தால், அந்தத் தீனியை மலை வீடுகளுக்குக் கொடுக்க ஒரு திட்டம் காத்திருந்தது. ரத்த டாக்டருக்கும் அதில் அக்கறை. அவர் பார்த்த பிள்ளைகளின் கண் இமைக்குள் சிவப்பே இல்லை. வீட்டுக்கு வீடு முட்டை கிடைத்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்த பெண்ணுக்கு அக்கா உடனே பெயர் வைத்தார்: கோழிம்மா.

கூண்டுகள் இரண்டையும் போளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்து பேருந்தின் மேலேற்றிக் கொண்டுபோனவன் நான். ஒன்றுக்குச் சிவப்பு வர்ணம், ஒன்றுக்குப் பச்சை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மாதிரியான கோழிகளைப் பாதிப் பாதியாக விட்டார்கள். கோழிம்மா அடிக்கடி ஊருக்கும் கல்லூரிக்கும் போக வேண்டியிருந்ததால் காலைத் தீனி அக்காவின் பொறுப்பாயிற்று.

"அக்கா, ரெண்டு கூண்டுக்கும் சாமை நொய்யும் தவிடும் போடுங்க. சிகப்புக் கூண்டுக்கு மட்டும் இந்த மூட்டையிலிருந்து ஒரு படி சேர்த்துப் போடணும். பச்சைக்குப் போடக் கூடாது. மறந்துடாதீங்க" என்றார் கோழிம்மா.

"மறக்க மாட்டேம்மா" என்றார் அக்கா.

அவர் மறக்கவும் இல்லை. மனம்தான் வரவில்லை.

நான் சனிக்கிழமைகளில் மளிகைச் சாமானோடு மேலே போய் ஞாயிறு மாலை இறங்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தீனி வைப்பதைப் பார்த்தேன். மூட்டையிலிருந்து ஒரு படி எடுத்தார். அரைப்படியைச் சிவப்பில் கொட்டினார். மீதி அரைப்படியைப் பச்சையில் கொட்டினார்.

"இன்னாக்கா, பச்சைக்கும் போடுற?"

"கொஞ்ச நேரம் அப்டியே நின்னு பாரு."

பார்த்தேன். பச்சைக் கூண்டுக் கோழிகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பக்கத்துக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா? ஒரே வரிசையில குந்த வச்சிட்டு, இந்தாண்ட போட்டு அந்தாண்ட போடாம வந்தா எப்டி? மொத நாளு போடாம வந்தேன். எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல."

"அது ஆராய்ச்சிக்கா."

"ஆராய்ச்சி அவங்களுது. கரண்டி என்னுது. மூட்டையிலேர்ந்து நான் கூட எடுக்கலியே, அதே ஒரு படிதான. பிரிச்சிப் போடுறேன், அவ்ளோதான்."

எனக்கும் அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. கோழிக்குத் தீனி வைப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மழை முடிந்து பனி வந்தது. கோழிம்மா மலையில் இருந்த நாளெல்லாம் கூண்டுவாரியாக முட்டைகளை எண்ணினார். சிவப்பு எவ்வளவோ பச்சையும் அவ்வளவே. முதல் மாதம் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் மாதம் முகம் வாடியது. மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு மதியம் பந்தியில் உட்கார்ந்தபடியே எல்லோரிடமும் கேட்டுவிட்டார்: "நல்ல தீனி போட்டாலும் போடலைன்னாலும் ஒரே முட்டைதான் வருது. எனக்கு ஒண்ணுமே புரியல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

அறிஞர்களிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

"கூண்டுக் கம்பியில துத்தநாகம் பூசியிருக்கு. ரெண்டு கூண்டுக் கோழியும் அதைக் கொத்துது. அதுதான் வேலை செய்யுது" என்றார் தகடு சார்.

"கம்பியைக் கொத்தி எந்தக் கோழியாவது முட்டை போட்டிருக்கா? கூண்டுக்குக் கீழே முளைச்சிருக்கிற கீரையைப் பாருங்க. தினமும் அதைத்தான் தின்னுது" என்றார் இலை சார்.

ரத்த டாக்டர் கையை உதறினார். "கீரையுமில்ல, கம்பியுமில்ல. வயித்துல பூச்சி இருக்கும். நீங்க போடுற நல்ல தீனியையெல்லாம் பூச்சி தின்னுடுது. சிகப்புக் கோழிக்குப் போய்ச் சேரவே இல்ல."

வானம் சார் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். "கோழி முட்டை போடுறது வெளிச்சத்தைப் பொறுத்து. ரெண்டு கூண்டுக்கும் ஒரே சூரியன். தீனியை எதுக்குப் போட்டுக் குழப்பிக்கிறீங்க?"

"உனக்கு எல்லாமே சூரியன்தான்யா" என்றார் தகடு சார்.

"உனக்கு எல்லாமே துருதான்."

நான் அக்காவைப் பார்த்தேன். ரசப் பாத்திரத்தோடு கடைசி இலையிலிருந்து முன்னோக்கி வந்துகொண்டிருந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் அந்தக் கோழிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தகடு சார் கம்பியைச் சுரண்டி எடுத்துப் பொட்டலம் கட்டினார். இலை சார் கூண்டுக்கடியில் படுத்துக் கீரை பறித்தார். ரத்த டாக்டர் எச்சத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தார். வானம் சார் தம் கருவியைக் கூண்டின் வாசலில் வைத்து, கோழி வெளிச்சத்தை மறைக்கிறது என்று கோழியிடமே கோபித்தார். அக்கா கதவோரம் நின்று, "ஏன் சார், அது பொட்டக்கோழி சார், கூச்சப்படும்" என்று சொல்ல, பெரிய சார்கூடச் சிரித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொருவருக்கும் அவரவர் துறையில் ஏதோ ஒன்று கிடைத்தது. எச்சத்தில் பூச்சி முட்டை இருந்தது. கீரையில் ஒன்று இலை சார் அதுவரை அந்த மலையில் பார்க்காதது. கம்பியின் பூச்சு தகடு சார் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்திருந்தது. ஆனால் எதுவும் முட்டைக்கு விடை சொல்லவில்லை.

கடைசியில் கோழிம்மா ஒரு முடிவுக்கு வந்தார். தீனியால் பயனில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கோழிகளை ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் விற்றுவிட்டு ஊருக்குப் போவது என்று.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது அக்கா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்ந்த கீரையும் காம்பும் ஒரே முறத்தில் கலந்து கிடந்தன. அக்காவிடம் நான் அப்படி ஒரு குழப்பத்தைப் பார்த்ததே இல்லை.

"தம்பி, டாக்டர் சொல்றாரு, இந்தப் பொண்ணு பிரயோசனம் இல்லன்னு எழுதிட்டா மலைக்கி தீனி மூட்டை வராதாம். திட்டத்தையே மூடிடுவாங்களாம். கூண்டு ரெண்டுக்கும் நியாயம் பண்றேன்னு ஊர்ப் புள்ளைங்க எல்லாத்தையும் கடைசி இலையில குந்த வச்சிட்டேன் போலக்குதே."

"இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"சொல்லிடணும். சொன்னா வேலை போய்டும். போனா போவுது. வேலூர்ல படிக்கிறாளே அவளுக்குத்தான்..."

"அதுக்கு நான் இருக்கேன்கா."

"நீ இருக்கன்னு தெரியும். கேட்டு வாங்கிக்கணும்ல" என்று சொல்லி முறத்தை என் பக்கம் தள்ளினார். இருவருமாகச் சேர்ந்து அந்தக் கீரையைப் பிரித்து முடித்தோம். மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு பெரிய சாரிடம் தனியாகச் சொல்வது என்று முடிவு.

ஆனால் நடந்தது வேறு. ஞாயிறு மதியம் முட்டைக் குழம்பு. கோழிம்மாவுக்கு வழியனுப்பு விருந்து என்று சுற்றுக் கிராமத்து ஆட்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பந்தி நீண்டுவிட்டது. வழக்கம்போல முதல் இலையில் நான். என்னை அடுத்துக் கோழிம்மா. அக்கா கடைசி இலையிலிருந்து இலைக்கு ஒரு முட்டையாக வைத்துக்கொண்டு வந்தார். கோழிம்மாவின் இலையில் வைத்ததோடு முட்டை தீர்ந்தது. எனக்குக் குழம்பு மட்டும் ஊற்றிவிட்டு நகர்ந்தார். எனக்கு அது பழக்கம். நான் பாட்டுக்குப் பிசையத் தொடங்கினேன்.

கோழிம்மா என் இலையைப் பார்த்தார். தம் இலையைப் பார்த்தார். முட்டையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை எடுத்து என் இலையில் வைத்தார்.

"பரவாயில்லம்மா, நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு நான் மட்டும் எப்படி சார் சாப்பிடறது?" என்றார் அவர்.

அக்கா திரும்பி வந்தார். குழம்புப் பாத்திரத்தைத் தரையில் வைத்தார்.

"அதாம்மா. நானும் அதேதான் செஞ்சேன்."

"என்ன செஞ்சீங்க?"

"சிகப்புக்குப் போட்டதுல பாதிய எடுத்துப் பச்சைக்குப் போட்டேன். மொத வாரத்துலேர்ந்து. பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு இருந்துச்சிங்களா, என்னால முடியலம்மா."

பந்தி முழுவதும் கை நின்றுவிட்டது. தகடு சார் வாயருகே கொண்டுபோன கவளத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கோழிம்மாவின் முகம் சிவந்தது. எழுந்து, கை கழுவாமல், கூண்டிருந்த பக்கம் போய்விட்டார். அக்கா இடுப்பிலிருந்த சாமான் அறைச் சாவியை எடுத்துப் பெரிய சாரின் இலைக்கு முன்னால் வைத்தார்.

"தப்பு என்னுதுதாங்க சார். அந்தப் பொண்ணு மேல ஒன்னும் எழுதிடாதீங்க. இந்தப் பந்தி மட்டும் முடிச்சிட்டுப் போய்டுறேன். மோர் ஊத்தணும்."

பெரிய சார் சாவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மனத்துக்குள் வேலூர்ப் படிப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் வெளியிலிருந்து ஒரு சத்தம். முதலில் அழுகை என்று நினைத்தோம். அது சிரிப்பு. கோழிம்மா வாசலில் வந்து நின்றார். கையில் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர்.

"மூணு மாசம் சார்! ஒருத்தர் கம்பியைச் சுரண்டினீங்க. ஒருத்தர் பூச்சி பார்த்தீங்க. ஒருத்தர் சூரியனை அளந்தீங்க. தீனி வைக்கிறவங்களை ஒருத்தர்கூடக் கேக்கலையே. நானும் கேக்கல."

முதலில் சிரித்தவர் வானம் சார். பிறகு எல்லோரும். மலை ஆட்களுக்கு யாரோ விளக்கிச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். "பின்ன, எதுருல குந்த வச்சிட்டு எப்டிப் போடாம இருப்பாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கடைசிவரை விளங்கவில்லை.

கோழிம்மா உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார். நாலு கவளம் போனதும் திடீரென்று நிறுத்தினார். "அக்கா, சிகப்புக்கு நான் சொன்னது ஒரு படி. நீங்க போட்டது அரைப்படி. அப்ப ரெண்டு கூண்டும் அரைப்படியிலதான் இத்தனை நாளா முட்டை போட்டிருக்கு. அரைப்படியே போதுமோ என்னமோ?"

"அது எனக்கு எப்டிம்மா தெரியும்?"

"எனக்கும் தெரியாது. இனிமேதான் பாக்கணும்."

பெரிய சார் சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "மோர் ஊத்துங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

மறுபடியும் ஆரம்பித்தார்கள், இம்முறை மூன்று கூண்டு. ஒன்றுக்கு முழுப்படி, ஒன்றுக்கு அரைப்படி, ஒன்றுக்கு நொய்யும் தவிடும் மட்டும். அக்காவை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்பதுதான் பெரிய ஆராய்ச்சியாக இருந்தது. ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் கூண்டுகளைப் பிரித்து வைத்தார்கள். நொய்யும் தவிடும் மட்டும் தின்னும் கூண்டு ஓடைக்கு அந்தப் பக்கம், ஜீப் டிரைவரின் பொறுப்பில். முழுப்படி பங்களாவுக்குப் பின்னால், கோழிம்மாவிடம். அரைப்படி அடுப்படி அருகே, அக்காவிடம்.

"இது சரி. அது வேற வூடு. அந்த வூட்ல இன்னா ஆக்குறாங்களோ அதத்தான் துன்னணும். நான் போய்க் கேக்க முடியாது" என்றார் அக்கா. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். எல்லாம் முடிகிற அன்றைக்கு மூன்று வீட்டையும் ஒரே இடத்தில் விட்டு ஒரே தீனி போட வேண்டும்.

அதுவரை ஓடையைத் தாண்டுவதில்லை என்று அக்கா வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் ஜீப் டிரைவரைப் பார்க்கும்போதெல்லாம், "உன் வூட்டுப் புள்ளைங்க எப்டிக்குதுங்க, எளச்சிப் போச்சா?" என்று கேட்டு அவரைக் கூனிக் குறுக வைத்தார். "அக்கா, நானா போடாம இருக்கேன்? போடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க!" என்று அவர் கெஞ்சுவார். கோடை வந்து வேலை முடிந்த அன்று கூண்டுகளைத் திறந்துவிட்டு, பங்களா முற்றத்தில் நீளமாகத் தீனியைக் கொட்டினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள் இருந்த முனையிலிருந்து அக்கா கொட்டத் தொடங்கினார் என்பதை நான் சொல்லாமலே ஊகித்திருப்பீர்கள்.

அந்த ஆராய்ச்சியின் முடிவை எடை போடும் படிப்பு எனக்கில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன்தான்; ஆனால் கோழிம்மா தந்த அந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அரைப்படியே போதுமென்று அவர் எழுதினார். அடுத்த ஆண்டு தீனி மூட்டைகள் மலையேறின. அரைப்படி என்பதால் ஒரு மூட்டை இரண்டு வீட்டுக்கு வந்தது. கோழிம்மாவுக்குப் பட்டமும் கிடைத்தது. அந்தக் கட்டுரையின் முன்பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தவர்களில் கடைசிப் பெயர் அக்காவுடையது. "கடைசியில போட்டிருக்காங்களேக்கா" என்று கேலி செய்தேன். "அங்கேர்ந்துதான ஆரம்பிக்கணும்?" என்றார்.

அக்கா 1985 வரை பங்களாவில் இருந்தார். மகள் நர்ஸாகி, திருமணமாகி, அம்மாவை வேலூருக்கு அழைத்துக்கொண்டாள். சென்ற ஆண்டு இதயம் களைத்துப் படுத்தபோதும் அவர் மாறவில்லை. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளுக்கு உப்பில்லாத உணவு. அக்கா தம் தட்டிலிருந்த ஊறுகாயில் பாதியை அவருக்கு நகர்த்தியிருக்கிறார். அந்த அம்மாளின் ரத்த அழுத்தம் ஏன் குறையவில்லை என்று மருத்துவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, அக்கா மகள் நேரே அம்மாவிடம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாளாம். "பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சிட்டாங்க, நான் இன்னா பண்றது?" என்றாராம் அக்கா. கட்டிலை மாற்றிப் போட்டார்கள். அந்த அம்மாள் நலமாகி, பின்னால் அக்காவின் இறுதிச் சடங்கிற்கு வந்து அழுதுவிட்டுப் போனார். கட்டில் மாறிய சில நாட்களில், மகளின் கையைப் பிடித்தபடி, விடியற்காலையில் அக்கா அமைதியாக விடைபெற்றார். வயது அறுபத்தொன்று, பதிவேட்டின்படியும் அம்மாவின் கணக்குப்படியும் அதுவே.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இறுதிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களும் செவிலியர்களும், வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தை, பெட்டியைத் தோளில் சுமந்த எங்கள் தெருப் பிள்ளைகள், துருப்பிடிக்காத தகட்டில் அக்காவின் பெயர் பொறித்துக் கல்லறைக்கு அனுப்பிய தகடு சார் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். மலையிலிருந்து முதல் பேருந்தில் கூடை கூடையாக முட்டை கொண்டுவந்து இறக்கியிருக்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். அவை அவர்கள் வீட்டுக் கோழிகள் இட்டவை.

திருப்பலி முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அனைவரும் அமர வேண்டுகிறோம். தனி அறை கிடையாது, பந்தி ஒன்றுதான். இந்தப் பக்கம் அச்சுக்குப் போவதற்கு முந்தின மாலையே கோழிம்மா வந்துவிட்டார். இப்போது அவர் தொலைவில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். வந்ததும் வராததுமாகச் சமையல்காரரிடம் முட்டைக் குழம்பு வாளியைக் கேட்டு, தாமே பரிமாறப் போவதாகச் சொல்லிவிட்டார். "கடைசி இலையிலிருந்துதானே சார்?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

முட்டை நிறைய இருக்கிறது, குறையாது என்கிறார்கள். எதற்கும் முதல் இலையில் நான் உட்கார்ந்திருப்பேன்.